முடிக்கத் தெரியாத கிடார்க்காரர்

மின்சாரக் கிடாரில் ப்ளூஸ் வாசிப்பவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், அடுத்த தெருவில் குடியிருந்தாலே போதும். நடுத்தர வயது. கிடாருக்குப் பின்னால் கொஞ்சம் வயிறு, வயிற்றுக்கு முன்னால் நிறையக் கிடார். வாசிக்க ஆரம்பித்ததும் கண் இரண்டும் இறுக மூடிக்கொள்ளும். சுரம் மேலே போனால் புருவம் மேலே போகும், கீழே இறங்கினால் தாடை இறங்கும், ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தினால் உதடும் கூடவே இழுத்துக்கொண்டு நிற்கும், ரொம்ப நல்ல இடம் வந்துவிட்டால் யாரோ பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்ததுபோலத் தலை சாய்ந்துவிடும். புகைப்படத்தில் பார்த்தால் பல்வலி என்பீர்கள். நேரில் பார்த்தாலும் அதையேதான் சொல்வீர்கள். ஆனால் அது பரவசம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ப்ளூஸ் என்பது துக்கத்தைப் பாடும் இசை. அதன் இலக்கணம் ரொம்பச் சின்னது. பாடுகிறவர் முதல் வரியில் தன் துக்கத்தைச் சொல்வார். வரி முடிந்ததும் கொஞ்சம் இடம் விடுவார். அந்த இடத்தில் கிடார் ‘அப்படியா?’ என்று கேட்கும். அதே வரியை இரண்டாம் தரம் சொல்வார். கிடார் ‘அடப்பாவமே’ என்னும். மூன்றாவது வரியில் துக்கத்துக்கு ஒரு முடிவு சொல்வார். இதுதான் ஒரு சுற்று. பாடுகிறவர் மூச்சு வாங்கட்டும் என்று நடுவில் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ கிடார் மட்டும் தனியாக வாசிக்கலாம். அதற்குச் சோலோ என்று பெயர். மறுபடி சொல்கிறேன்: ஒரு சுற்றோ, இரண்டு சுற்றோ. இந்த இனத்தைப் பிடித்த வியாதி அந்த ‘ஓ’காரத்தில்தான் தொடங்குகிறது.

நம்முடைய கிடார்க்காரருக்குக் குழுவில் ‘இன்னொண்ணு’ என்று பெயர். ஒவ்வொரு சுற்றும் முடிகிற நேரத்தில், மூடிய கண்ணைத் திறக்காமலே, டிரம்ஸ்காரர் இருக்கும் பக்கமாகத் தாடையை ஓர் அங்குலம் உயர்த்துவார். இன்னொரு சுற்று என்று அர்த்தம். தாடை உயராத நாள் ஒன்றை யாரும் பார்த்ததில்லை. இந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். “பட்டம்னா சும்மாவா வரும்?” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இங்கே சொல்லப்போவதில் பாதிக்குமேல் அவர் வாயால் வந்தது. மீதி, அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற அவர் மனைவி திருத்தியது.

பத்தொன்பது வயதில் அவருக்கு இது பிடித்தது. முடி வெட்டப் போன சலூனில் ஒரு ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ ஒருவர் ஒரே ஒரு சுரத்தைத் தொட்டு, அதை நெளித்து, நடுங்கவிட்டு, அழவிட்டு, கடைசியில் ஆறுதல் சொல்லி இறக்கிவிட்டார். நாற்காலியில் இருந்தவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “தலைய ஆட்டாதீங்க” என்றார் சலூன்காரர். அந்தச் சுரத்தை மறுபடி கேட்பதற்காக நான்கு நாள் கழித்து மறுபடி முடி வெட்டிக்கொள்ளப் போனார். அந்த வாரக் கடைசியிலும் போனார். மூன்றாம் முறை சலூன்காரர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. பேசாம உக்காந்து பாட்டக் கேட்டுட்டுப் போங்க” என்றார்.

யாரோ விற்றுவிட்டுப் போன பழைய மின்சாரக் கிடார் ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஆம்ப் கிடைக்கவில்லை. ஆம்ப் என்பது கிடாரின் தொண்டை. அது இல்லாவிட்டால் மின்சாரக் கிடார், கொசுவலைக்கு வெளியே நிற்கும் கொசு அளவுக்குத்தான் பேசும். பதினொரு மாதம் அப்படித்தான் பழகினார். அவருடைய அப்பா தபால்களைப் பிரித்துப் போடும் வேலையில் இருந்தவர், இரைச்சல் ஆகாது. மகன் மூன்று மணி நேரம் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். “அருமையான வாத்தியம்டா. சத்தமே இல்ல” என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்தார். பன்னிரண்டாம் மாதம் ஆம்ப் வந்தது. அன்றிலிருந்து அப்பா சாயங்காலம் நடக்கப் போக ஆரம்பித்தார். தினமும் ஏழெட்டு மைல். அந்தத் தெருவிலேயே திடமான இருதயம் அவருடையதுதான் என்று டாக்டர் பாராட்டினார்.

வாத்தியம் ஆயிற்று, சத்தமும் ஆயிற்று. இல்லாதது ஒன்றுதான்: துக்கம்.

ப்ளூஸ்காரன் என்றால் வாழ்க்கை அவனை அடித்துத் துவைத்திருக்க வேண்டாமா? நம்மவருக்கு என்ன குறை? பாசமான அப்பா. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் பிடித்தமான வேலை; மரம் அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, யாருடைய பாட்டனாரையோ நேராக மாட்டுவது. முப்பத்திரண்டு பல்லும் சரியாக இருந்தன. சோகமாக இருக்க உண்மையிலேயே முயன்றார். மழையில் குடையில்லாமல் நடந்தார். ஜலதோஷம் பிடித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. துக்கம் எங்கே கிடைக்கும் என்று யோசித்து, பிரிவுகள் நடக்கும் இடமாயிற்றே என்று ரயில் நிலையத்துக்குப் போய், மத்தியான வேளைகளில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது யாரையாவது பிரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் அந்தக் குரலைக் கேட்டார்.

“பயணிகள் கவனிக்கவும். இரண்டு பத்துக்கு வரவேண்டிய வண்டி ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். தடங்கலுக்கு வருந்துகிறோம்.”

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். ‘தாமதம்’ என்ற சொல்லில் அந்தத் ‘தா’வைக் கொஞ்சம் இழுத்து, ‘மதம்’ என்று மெல்லக் கீழே இறக்கி வைத்தது. ‘வருந்துகிறோம்’ என்றபோது நிஜமாகவே வருந்தியது. சலூன் நாற்காலியில் வந்த அதே சிலிர்ப்பு. நேரே விசாரணை ஜன்னலுக்குப் போனார்.

“அந்தக் குரல் யாருதுங்க?”

“எந்த வண்டிக்கு?” என்றாள் உள்ளே இருந்த பெண்.

“வண்டிக்கு இல்ல. குரலுக்கு.”

“வண்டி இல்லேன்னா தள்ளி நில்லுங்க. பின்னால ஆள் நிக்குது” என்றது அதே குரல்.

அவளுக்குப் பாட வரும். அவளுடைய அண்ணன் லிப்ட் பழுதுபார்ப்பவர், பேஸ் கிடார் வாசிப்பார், ஒரு நாளைக்கு மொத்தம் பதினைந்து வார்த்தை பேசுவார். ஒன்றரை வருடத்தில் அந்தக் குரல் நம்மவருக்கு மனைவியாகவும், அந்தப் பதினைந்து வார்த்தை மச்சானாகவும் ஆயின. சோகம் தேடிப் போன இடத்தில் சந்தோஷமான கல்யாணம் வந்து வாய்த்தது. ஒரு ப்ளூஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய சறுக்கல் உண்டா?

டிரம்ஸுக்கு ஒரு பல் டாக்டர் கிடைத்தார். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாசிக்க இடம் கிடைத்தது. பேருந்து ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பட்டறைக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அவள் முதல் வரியைப் பாடியதும் பிள்ளைகள்கூட ஓடுவதை நிறுத்தினார்கள். நம்மவர் கண்ணை மூடி, பதில் சொல்லத் தொடங்கினார். தொடங்கினார் என்பதைத் தனியாகக் கவனியுங்கள்.

ஒரு ரெக்கார்டும் போட்டார்கள். ஆறு பாட்டு, நாற்பத்திரண்டு நிமிடம். அதில் அவள் பாடியது பதினொரு நிமிடம். பத்திரிகையில் ஒருவர் எழுதினார்: ‘பாடகி எப்போது திரும்பி வருவார் என்ற ஆவலை இந்தக் கிடார் கடைசிவரை குறையாமல் காப்பாற்றுகிறது.’ நம்மவர் அதைக் கத்தரித்து, தேக்குச் சட்டம் போட்டு, நடு அறையில் மாட்டினார். பாராட்டு இல்லை என்று அவருக்குப் புரிய நான்கு வருடம் ஆயிற்று. சட்டம் நன்றாக அமைந்துவிட்டதால் கழற்ற மனம் வரவில்லை என்கிறார்.

சுற்றுகள் வளர்ந்தன. இரண்டு நான்காயிற்று, நான்கு ஒன்பதாயிற்று. அவள் மைக்கின் முன்னால் நிற்பாள். முதலில் தாளத்துக்கு ஆடிக்கொண்டு நின்றாள். பிறகு ஆடாமல் நின்றாள். பிறகு மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வராத வண்டியை எதிர்பார்க்கிற பயணிபோல, அவர் மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணைத் திறந்திருந்தால் பார்த்திருக்கலாம். திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது வரி முடிந்து சோலோ பிறந்தது. ஐந்தாவது சுற்றில் அவளுடைய செருப்பு வார் அறுந்திருப்பது அவள் கண்ணில் பட்டது. மைக்கைத் தாண்டி மேடையை விட்டு இறங்கினாள். சபை நடுவே நடந்து, வாசலைக் கடந்து, தெருவின் எதிர்ப்பக்கம் போய்ச் செருப்பைத் தைக்கக் கொடுத்தாள். தைக்கிறவர் ஊசியைத் தேடி எடுத்து, நூலுக்கு மெழுகு பூசி, நிதானமாகத் தைத்தார். அதைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் வெங்காயம் வாங்கினாள். திரும்பி வந்தாள். சோலோ நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில், வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஓட்டுநர் ஒருவர், “இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?” என்று கேட்டார். “தாமதமாத்தான் வரும்” என்றாள் அவள்.

பதினெட்டாவது நிமிடம் அவர் கண்ணைத் திறந்து, முகமெல்லாம் வியர்வையும் வெற்றியுமாக, மூன்றாவது வரிக்காக மைக் பக்கம் திரும்பினார். மைக் மட்டும் இருந்தது. மூன்றாவது வரியை மச்சான் பாடினார். அன்றைய பதினைந்து வார்த்தையில் ஏழு அதில் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். “எங்க போன நீ?”

“செருப்பு வார் அறுந்துச்சு. தைச்சேன். வெங்காயம் வாங்கினேன்.”

“அய்யோ! அப்போ நடு சோலோவ நீ கேக்கவே இல்லயா? அங்கதான் உச்சத்துக்கே போனேன்!”

அவள் வெங்காயப் பையைக் கீழே வைத்தாள். “அடுத்த வாரத்துலேருந்து நான் வரலைங்க” என்றாள். குரல் உயரவில்லை. நடைமேடையில் சொல்வதுபோலவே சொன்னாள். கடைசி வார்த்தையில் நிஜமாகவே வருந்தினாள்.

ஒரு வாரக் கோபம் என்று நினைத்தார். பதினொரு வருடம்.

யார் கேட்டாலும் ‘ஸ்டேஷன்ல அவளுக்கு ஞாயித்துக்கிழமை டியூட்டி’ என்றார். அது பொய்யில்லை, அந்த டியூட்டியை அவள்தான் கேட்டு வாங்கினாள். இதற்கிடையில் நம்மவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி. கடைசியில் துக்கம் கிடைத்துவிட்டதே! ‘விட்டுட்டுப் போனாளே’ என்று ஒரு பாட்டுக் கட்டி, தன் கட்டைக் குரலில் தானே பாடினார். மேடையில் அதைப் பாடும்போது அவர் போட்டிருந்த சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது, விட்டுவிட்டுப் போன அவளேதான்.

கூட்டம் மெல்லக் கரைந்தது. நம்மவருக்கு அது தெரியாது, கண்தான் மூடியிருக்கிறதே. சோலோவின்போது பல் டாக்டர் ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டே மறுகையால் ரொட்டி சாப்பிடக் கற்றுக்கொண்டார். மச்சான் இசைத்தாள் வைக்கிற தாங்கியில் லிப்ட் மோட்டார் கையேடு ஒன்றை வைத்து, அதில் மூன்றாம் அத்தியாயம்வரை வந்துவிட்டார். “ஜனங்க எப்படி இருந்தாங்க?” என்று வீட்டில் அவள் கேட்டால், நம்மவர் பரவசத்தோடு சொல்வார்: “அசையல! அப்படியே உறஞ்சு போயிட்டாங்க!” அசைகிறவர்கள் எழுந்து போய்விட்டார்கள், அசைய முடியாத இரண்டு ஓய்வுபெற்ற நடத்துநர்கள்தான் மிச்சம் என்பது உண்மை.

பிறகு அந்தக் கண்ணாடி.

கடையில் ஒரு பெரிய குழுப்படத்துக்குக் கண்ணாடி வெட்டி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். எதையோ யோசித்துக்கொண்டு போனார் என்று கடை முதலாளி மற்றவர்களிடம் சொன்னார். யோசிக்கவில்லை. வாசித்துக்கொண்டு போனார். இடது கை விரல்கள் கண்ணாடி விளிம்பைக் கிடாரின் கழுத்தாக நினைத்து, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கான எட்டாவது சுற்றைப் பழகிக்கொண்டிருந்தன. ஒரு சுரத்தை நெளித்தார். கண்ணாடி நழுவியது. பிடிக்கப் போனார்.

மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிற தசைநாண் இரண்டும் அறுந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். தைத்தாயிற்று, ஆறு வாரம் கட்டு, பிறகு பயிற்சி, விரல் மடங்கினால் மடங்கும். ‘மடங்கினால்’ என்றார். கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு நம்மவர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தார். மனைவி பக்கத்து முக்காலியில், ரயில்வே சீருடையோடு ஓடி வந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“முப்பது வருஷமா தேடினேன்” என்றார்.

“எத?”

“துக்கத்த. இப்போ பெருசா வந்து உக்காந்திருக்கு. ஒரு சுரம் வாசிக்க வழியில்ல.” சிரிக்கத்தான் சொன்னார். பாதியில் முகம் கோணிவிட்டது. வாசிக்கும்போது கோணுகிற கோணல் இல்லை. அவள் அந்தக் கோணலை இதுவரை பார்த்ததில்லை. எழுந்து அவர் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஆம்ப் ஊமையாகக் கிடந்தது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, காலையில், வீட்டு நடையில் கட்டுக் கையோடு சும்மா நின்றுகொண்டிருந்தவருக்குச் சமையல் அறையிலிருந்து ஏதோ கேட்டது. அவள் பாடிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, யாருக்கும் இல்லாமல், பழைய பாட்டு.

‘நேரம் கேட்டு நின்னேன், நீ வரவே இல்ல.’

நிறுத்தினாள். தண்ணீர் ஓடியது. பிறகு அதே வரி மறுபடி. மறுபடி நிறுத்தினாள். மறதியால் நிறுத்துகிறாளா? நம்மவர் காலால் தாளம் தட்டிப் பார்த்தார். கச்சிதமான இடைவெளி, ஒரு அடிகூடக் கூடவில்லை, குறையவில்லை. கிடார் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. கிடாருக்காக இடம் விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

“நீ தினமும் பாடுவியா?” என்று கதவோரம் வந்து கேட்டார்.

“பாடுவேனே.”

“எப்போலேருந்து?”

“எப்பவும்தான். உங்க ஆம்ப் ஓடுறப்போ எப்படிக் கேக்கும்?”

பதினொரு வருடம். பக்கத்து அறையில் அவர் ‘விட்டுட்டுப் போனாளே’ என்று உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தபோது, எட்டடி தள்ளி அவள் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அவருக்கு இடம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்குச் சொல்ல அவரிடம் ஒரு பெரிய பேச்சு இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்லாமல் நின்றார். அவர் செய்த ஒரே நல்ல சோலோ அதுதான் என்று மச்சான் பிற்பாடு சொன்னார்.

பத்து வாரம் கழித்து, ஆம்ப் இல்லாமல், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சமையல் அறை வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு விரல் வேலை செய்தது. அவள் முதல் வரியைப் பாடி நிறுத்தினாள். அவர் ஒரு சுரம் வைத்தார். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு கணம் அசையாமல் நின்றது. இரண்டாவது வரி. அவர் இரண்டு சுரம் வைத்தார். மூன்றாவது வரியை அவள் முடித்தாள்.

“வலிக்குதா?” என்று கேட்டாள், இன்னும் சுவரைப் பார்த்தபடி.

“வலிக்குது.”

“அப்போ போதும். நாளைக்கு.”

நாளைக்கும் நடந்தது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவள் சங்கக் கட்டடத்துக்கு வந்தாள். ஓய்வுபெறும் ஒரு பட்டறைக்காரருக்குப் பாராட்டு விழா என்பதால் கூட்டம் இருந்தது. பாதிப் பேர் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் மைக்கைப் பிடித்து முதல் வரியைப் பாடியதும், நடுவிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்: “அட! இது நம்ம ஸ்டேஷன் அம்மா குரல்!” சபையே சிரித்தது. ‘நீ வரவே இல்ல’ என்றபோது, “எத்தனாவது பிளாட்ஃபாரம்?” என்றார் இன்னொருவர். மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்தாள். இத்தனை வருடமாக அந்தக் குரல் சொன்னதைக் கேட்டுத்தான் அவர்கள் காத்திருந்தார்கள், காத்திருந்து களைத்தார்கள், பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கினார்கள். இரண்டாவது வரியில் சிரிப்பு அடங்கியது. அவள் விட்ட இடத்தில் நம்மவர் மூன்றே மூன்று சுரம் வைத்தார். அதற்குமேல் விரல் இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு முரட்டு ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த ஓட்டுநரே வந்து கையைப் பிடித்தார். முன்பு கட்டுப் போட்டிருந்த கை. “அண்ணே, இருபது வருஷமா இந்தக் கட்டடத்துக்கு வந்து போறேன். இன்னைக்குத்தான் நீங்க வாசிச்சுக் கேட்டேன்.”

நீங்களும் நானும் என்றால் பூரித்துப்போவோம். நம்மவர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “இருபது வருஷம் மூட்டை மூட்டையாக் கொட்டினேன், ஒருத்தன் அழல. மூணு சுரத்துக்கு அழறான்! அப்போ அத்தனையும் என்னவாம்?” என்று பொருமினார். அது என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் விரல் தேறிக்கொண்டு வந்தது. குழுவில் ஒருவருக்கும் இது நல்ல செய்தியாகப் படவில்லை. பல் டாக்டரும் மச்சானும், நம்மவருக்கு விரல் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மாளைத் தனியாகப் போய்ப் பார்த்தார்கள்.

“ரொம்ப அவசரப்படுத்த வேண்டாமே, மேடம்” என்றார் பல் டாக்டர். “பாவம், மெதுவாவே சரியாகட்டும்.”

“மெதுவான்னா?”

மச்சான் தன் பதினைந்தில் மூன்றைச் செலவழித்தார். “ஒரு பத்து வருஷம்.”

அந்த அம்மாள் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். “விரல மடக்க வைக்கிறதுதான் என் வேலை. ஆள மடக்குறது உங்க வேலை” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எட்டாவது மாதம் நான்கு விரலும் மடங்கின. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. இரண்டாவது வரி முடிந்தது. சோலோ. முதல் சுற்று அடக்கமாகப் போனது. இரண்டாவது அழகாகவே இருந்தது. மோதிர விரல் தன் பழைய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது, சுண்டு விரலும் பின்னாலேயே ஓடி வந்தது, உடம்பெல்லாம் அந்தப் பழைய சூடு ஏறியது. கண் மூடிக்கொண்டது. தாடை ஓர் அங்குலம் உயர்ந்தது. மூன்றாவது சுற்று. மறுபடி உயர்ந்தது. பல் டாக்டர் பெருமூச்சு விட்டு, பைக்குள் கைவிட்டு ரொட்டியை எடுத்தார்.

அவள் மைக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு நன்றாகத்தான் இருந்தது. வெங்காயமும் வீட்டில் இருந்தது. வாசலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நான்காவது சுற்றில் சரியாகப் பாதி வழியில், நம்மவர் ஒரு சுரத்தை நெளித்து உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நிலையத்து ஒலிபெருக்கி மொத்தமும் தொண்டையில் வந்தாற்போல மூன்றாவது வரியை எடுத்தாள்.

கிடார் பதறியது. ஒரு சுரம் வழி தவறி விழுந்தது. நம்மவர் கண்ணைத் திறந்து, இடது கை அந்தரத்தில் நிற்க, வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தார். அவள் அவரை நேராகப் பார்த்துக்கொண்டே வரியைப் பாடி முடித்து, விரலால் மைக்கைத் தட்டினாள். சபை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பல் டாக்டர் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முழக்கினார்.

 வீட்டுக் கதவைத் திறந்ததும் நம்மவர் சொன்னார்: “நான் இன்னும் முடிக்கவே இல்ல.”

“தெரியும். அதான் நான் முடிச்சேன்.”

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே இதச் செஞ்சிருக்கலாமே? எதுக்கு வெங்காயம் வாங்கப் போன?”

அவள் செருப்பைக் கழற்றினாள். “அப்போ உங்க மேல மரியாதை இருந்துச்சு.”

“இப்போ?”

“இப்போ நம்ம பாட்டு மேல இருக்கு.”

 அவர் கிடாரை உறையில் வைத்துக்கொண்டே, “அந்த நேரமெல்லாம் நீ நின்னுட்டே இருந்தல்ல... நான் பாக்கவே இல்ல” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இன்னொரு சுற்றுப் போகாமல் நிறுத்தினார். அவள் அதைக் கவனித்தாள்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனம் திருந்தாது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தாடை உயர்கிறது. அவளும் ஒரு நாள் மூன்றாவது சுற்றில், ஒரு நாள் இரண்டாவதில், அவர் ரொம்ப நன்றாக வாசிக்கிற நாளில் ஐந்தாவதில் வெட்டுகிறாள். எங்கே வெட்டுவாள் என்று பட்டறைக்காரர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். அதற்காகவே கூட்டம் வருகிறது. “அது நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சுச் செய்றது” என்று நம்மவர் எல்லோரிடமும் சொல்கிறார். பின்னால் நிற்கிற அவள் இதை மட்டும் திருத்துவதில்லை.

சரி, சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் கிடார் இல்லை. இந்த வியாதிக்குக் கிடார் கட்டாயமில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். உங்கள் அலுவலக மேலாளரை எல்லோர் முன்னாலும் நீங்கள் வாயடைக்க வைத்த அந்தச் சம்பவம் இருக்கிறதே, அதை நேற்று வீட்டில் மூன்றாம் தடவையாக, அவர் நின்றது போலவும் நீங்கள் நின்றது போலவும் நடித்துக் காட்டி, உச்சத்துக்குக் கொண்டுபோனீர்கள். அப்போது எதிரில் உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்து அடுப்பைத் துடைக்கப் போனார். போய் ஒரு தடவை பாருங்கள். அது முன்பே துடைத்த அடுப்பு.